இரண்டரை மணி நேர வட்டமும் 200 மணி நேரக் கணக்கும்

'விமானம்' என்ற சொல்லுக்கு எங்க பக்கத்துல முதல் அர்த்தம் கோயில் விமானம்தான். திருச்சி - மதுரை சாலையில விராலிமலை தாண்டினா கொடும்பாளூர். இருக்குவேளிர்களோட தலைநகரம். சோழர்களுக்குப் பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பம். (பொன்னியின் செல்வன் படிச்சவங்களுக்கு வானதி ஊர்னு சொன்னா போதும்.) பூதி விக்கிரமகேசரி தன் பேர்லயும், கற்றளி, வரகுணைன்னு ரெண்டு மனைவிமார் பேர்லயும் மூணு விமானம் எழுப்பினான்னு அங்க இருக்கற கல்வெட்டு சொல்லுது. அதனாலதான் மூவர் கோயில். இப்ப ரெண்டுதான் நிக்குது. மூணாவதுக்கு அடித்தளம் மட்டும்தான் மிச்சம்.

இந்தப் பதிவு இன்னொரு விமானத்தைப் பத்தி. 2024 அக்டோபர் 11, மாலை 5.40 அளவில திருச்சியிலேர்ந்து ஷார்ஜாவுக்கு ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் போயிங் 737 ஒண்ணு கிளம்பிச்சு. கிளம்பின கொஞ்ச நேரத்துலயே ஹைட்ராலிக் கோளாறு. உள்ள 140 பேருக்கு மேல. உடனே இறங்க முடியாது. ஏன்னா இந்த ரக விமானம் சுமார் 79 டன் வரைக்கும் எடையோட கிளம்பலாம், ஆனா இறங்கும்போது சுமார் 66 டன்னுக்கு மேல இருக்கக் கூடாது. பெரிய விமானங்கள் மாதிரி எரிபொருளை வானத்துலயே கொட்டிவிடுற வசதியும் 737ல கிடையாது. எரிச்சுத்தான் தீர்க்கணும். அதனால புதுக்கோட்டை மாவட்ட வானத்துல திரும்பத் திரும்ப வட்டம். டி.வி.ல நேரலை. கீழே ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டிகள். இரவு 8.15 அளவில ஒரு கீறல் இல்லாம திருச்சியிலயே இறக்கிட்டாங்க.

அன்னிக்கு ராத்திரி ஊர் பூரா ஒரே பேச்சு, "அந்த பைலட்டுங்க எப்படிப் பதறாம இருந்தாங்க?" என் சித்தப்பா பையனுக்கு மட்டும் அடுத்த கேள்வி. "அண்ணே, பைலட் ஆகணும்னா என்ன படிக்கணும்?" பையன் அப்ப பிளஸ் டூ, காமர்ஸ் குரூப். சித்தப்பாவுக்கு ரெண்டு ஏக்கர் மானாவாரி நிலம் இருக்கு. அதை வித்தாவது படிக்க வைக்கிறேன்னு அவர் கிளம்பிட்டார். ஓ.எம்.ஆர்.ல பொட்டி தட்டுற எனக்கு இதுல என்ன தெரியும்? ஆனா குடும்பத்துல இஞ்சினியர்னு ஒருத்தன் இருந்தா ஃபேன் ரிப்பேர்லேர்ந்து விமானம் வரைக்கும் அவன்கிட்டதானே கேப்பாங்க :-)

தேட ஆரம்பிச்சேன். விதிகளை மட்டும் பார்த்தா ஒரு பக்கத்துல முடிஞ்சுடும். ஒவ்வொரு விதியும் ஏன் வந்துச்சுன்னு பார்த்தா அது தனிக் கதை. அதைத்தான் எழுதப் போறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க மக்கா.

எட்டு போட்டா லைசென்ஸ்

1903ல ரைட் சகோதரர்கள் பறந்தப்ப அவங்களுக்கு யாரும் லைசென்ஸ் கொடுக்கல. கொடுக்கறதுக்கு ஆளே கிடையாது. நம்ம சென்னையிலயும் அதே கதைதான். மவுண்ட் ரோட்ல ஹோட்டல் நடத்தின டி'ஏஞ்சலிஸ்ங்கற கார்சிகாக்காரர் 1910 மார்ச்ல தானே ஒரு விமானம் செஞ்சு ஓட்டிக் காட்டினார். அவருக்கு யார் பயிற்சி கொடுத்தா? யாரும் இல்ல. அடுத்த வருஷம், 1911 பிப்ரவரி 18, அலகாபாத்ல ஆன்றி பெக்கேங்கற பிரெஞ்சு விமானி சுமார் 6,500 கடிதங்களை ஏத்திக்கிட்டு ஆத்தைத் தாண்டி நைனியில கொண்டுபோய் இறக்கினார். உலகத்தோட முதல் அதிகாரப்பூர்வ விமான அஞ்சல் அதுதான்.

அந்தச் சமயத்துலதான் ஐரோப்பாவுல ஏரோ கிளப்கள் சான்றிதழ் கொடுக்க ஆரம்பிச்சாங்க. பரீட்சை என்ன தெரியுமா? வானத்துல எட்டு போடணும். அப்புறம் எஞ்சினை அணைச்சிட்டு, குறிச்சு வச்ச புள்ளிக்குப் பக்கத்துல இறங்கணும். அவ்வளவுதான். நம்ம ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல டூ வீலருக்கு எட்டு போடச் சொல்றாங்களே, அதே கணக்கு. எழுத்துத் தேர்வு இல்ல, வானிலை பத்தி ஒரு கேள்வி இல்ல.

முதல் உலகப் போர்தான் இதை மாத்துச்சு. எதிரி சுட்டுச் செத்தவங்க ஒருபக்கம்னா, பயிற்சியிலயே விழுந்து செத்த பையன்கள் இன்னொரு பக்கம். ஸ்மித்-பாரிங்கற பிரிட்டிஷ் அதிகாரி 1917ல காஸ்போர்ட்ங்கற ஊர்ல புது முறை ஒண்ணு கொண்டுவந்தார். ஆசிரியருக்கும் மாணவனுக்கும் தனித்தனி கட்டுப்பாடு, நடுவுல பேச ஒரு ரப்பர் குழாய். அதுவரைக்கும் ஆபத்தான நிலையெல்லாம் வராம பார்த்துக்கோன்னுதான் சொல்லிக்கொடுத்தாங்க. இவர் நேர்மாறு. வேணும்னே அந்த நிலைக்குக் கொண்டுபோய், அதிலேர்ந்து வெளிய வர்றது எப்படின்னு காட்டினார். இன்னிக்கு உலகத்துல எந்த மூலையில விமானம் ஓட்டக் கத்துக்கிட்டாலும் அடிப்படை இதுதான்.

உடல் தகுதியும் அந்தப் போர்லதான் பெரிய விஷயமாச்சு. கல்கத்தாவில பொறந்த இந்திர லால் ராய், ராயல் ஃப்ளையிங் கோர்ல சேரப் போனப்ப கண் பார்வை சரியில்லைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. தன்னோட மோட்டார் சைக்கிளை வித்து, பெரிய கண் டாக்டர்கிட்ட மறுபரிசோதனை பண்ணிக்கிட்டு 1917ல உள்ள நுழைஞ்சார்னு அவரைப் பத்திச் சொல்வாங்க. 10 எதிரி விமானங்களை வீழ்த்தின கணக்கு அவர் பேர்ல இருக்கு. 1918 ஜூலை 22, சண்டையில இறந்தப்ப வயசு 19. (கண் பரிசோதனையால கனவு கலைஞ்சவங்க கதை இன்னிக்கும் நடக்குது. கடைசியில அதுக்கு வரேன்.)

போர் முடிஞ்சு 1919ல பாரிஸ்ல நாடுகள் எல்லாம் கூடி ஒப்பந்தம் போட்டாங்க. விமானிக்கு லைசென்ஸ் வேணும், மருத்துவப் பரிசோதனை வேணும்னு சர்வதேச விதி வந்தது அதுலதான். 'ஏ' லைசென்ஸ்னா சொந்தமா ஓட்டிக்கலாம், 'பி' லைசென்ஸ்னா கூலிக்கு ஓட்டலாம். சம்பளத்துக்கு விமானம் ஓட்டறது ஒரு தொழில்னு ஆனது இந்த ரெண்டு எழுத்தாலதான்.

நம்பர் 1

இந்தியாவில சிவில் விமானத் துறைன்னு தனியா வந்தது 1927ல. அடுத்த வருஷமே டெல்லி, பம்பாய், கல்கத்தா, கராச்சின்னு அரசு மானியத்தோட ஃப்ளையிங் கிளப்கள். சென்னையில மெட்ராஸ் ஃப்ளையிங் கிளப் 1930ஐ ஒட்டி வந்துச்சு. 1929 பிப்ரவரி 10, ஜே.ஆர்.டி. டாட்டாவுக்கு லைசென்ஸ். அதுல நம்பர் 1னு போட்டிருந்தது.

1929ல ஆகா கான் ஒரு பரிசு அறிவிச்சார். இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையில தனியா விமானம் ஓட்டற முதல் இந்தியருக்கு. ஜே.ஆர்.டி. இங்கேர்ந்து கிளம்பினார், ஆஸ்பி இஞ்சினியர்ங்கற பையன் அங்கேர்ந்து. ரெண்டு பேரும் எகிப்துல சந்திச்சாங்க. ஆஸ்பிக்கு ஸ்பார்க் பிளக் பிரச்சனை. போட்டியாளர்னு பார்க்காம ஜே.ஆர்.டி. தன்கிட்ட இருந்த உபரியை எடுத்துக் கொடுத்தார். ஆஸ்பிதான் ஜெயிச்சார். பின்னாடி இந்திய விமானப் படைக்கே தளபதியானார்.

1932 அக்டோபர் 15, கராச்சியிலேர்ந்து பம்பாய்க்கு ஜே.ஆர்.டி. தபால் கொண்டுவந்தார். பம்பாயிலேர்ந்து பெல்லாரி வழியா சென்னைக்கு அதை எடுத்துட்டு வந்தவர் நெவில் வின்சென்ட். சின்ன ஒத்தை எஞ்சின் விமானம். ரேடியோ கிடையாது, வழிகாட்டுற கருவி கிடையாது. கீழ தெரியுற ரயில் பாதையும் ஆறும்தான் மேப். 1938ல இந்த வழி திருச்சி, கொழும்பு வரைக்கும் நீண்டுச்சு. கொடும்பாளூர் கோயில் விமானத்துக்கு மேல தபால் விமானம் பறந்த காலம் அது. அப்ப எங்க ஊர் புதுக்கோட்டை சமஸ்தானம், தனி ராஜா. (மதுரைக்குப் போற வழி மூணாப் பிரியுற இடம்னு சிலப்பதிகாரம் சொல்ற கொடும்பை இதுதான். வழி காட்டுறதுல எங்க ஊருக்கு ரொம்ப நாள் அனுபவம்.)

அதே 1932 அக்டோபர் 8ல இந்திய விமானப் படை உருவாச்சு. அதுக்காக ஆறு இளைஞர்களை இங்கிலாந்துல கிரான்வெல் கல்லூரிக்கு அனுப்பினாங்க. அஞ்சு பேர் விமானி ஆனாங்க. ஆறாவது ஆள் டாண்டன், உயரம் பத்தலைன்னு தளவாடப் பிரிவுக்குப் போக வேண்டியதாச்சு. மூளை, தைரியம், படிப்பு எல்லாம் இருந்தும் கால் பெடலுக்கு எட்டலைன்னா முடிஞ்சுது. கொடுமைதான். ஆனா விமானம் மனுஷனுக்காக வளைஞ்சு கொடுக்காதே, என்ன பண்ண?

சேலை கட்டின விமானிகள்

இன்னும் ஒரு தகுதி அப்ப எழுதப்படாமலேயே இருந்துச்சு. ஆம்பளையா இருக்கணும்.

1936ல லாகூர் ஃப்ளையிங் கிளப்ல சேலை கட்டிக்கிட்டு ஜிப்சி மாத் விமானம் ஓட்டினார் சரளா தக்ரால். வயசு 21. ஆயிரம் மணி நேரம் பறந்து 'ஏ' லைசென்ஸ் வாங்கினார். 1939ல தபால் விமானியா இருந்த கணவர் விபத்துல இறந்தார். ஜோத்பூர் போய் 'பி' லைசென்ஸுக்குப் படிக்கலாம்னு பார்த்தா ரெண்டாம் உலகப் போர் வந்து சிவில் பயிற்சியையே நிறுத்திட்டாங்க. அவர் அப்புறம் ஓவியம் படிக்கப் போயிட்டார்.

பிரேம் மாத்தூர் கதை இன்னும் சுவாரசியம். 1947ல லைசென்ஸ் வாங்கிட்டு எட்டு கம்பெனிக்கு விண்ணப்பம் போட்டார், எட்டும் முடியாதுன்னுடுச்சுன்னு சொல்வாங்க. கடைசியில ஹைதராபாத் டெக்கான் ஏர்வேஸ் எடுத்துக்கிச்சு. இந்தியாவில சம்பளத்துக்கு விமானம் ஓட்டின முதல் பெண் அவர்தான். 1949ல தேசிய விமானப் போட்டியிலயும் ஜெயிச்சார்.

நம்ம பக்கம் உஷா சுந்தரம். பெங்களூர் ஜக்கூர்ல அரசு விமானப் பயிற்சிப் பள்ளி ஆரம்பிச்ச புதுசுல, 1949ல அங்க தேறின முதல் பெண். கணவர் கேப்டன் வி. சுந்தரமும் விமானி. சென்னை அரசாங்கம் டவ் ரக விமானம் ஒண்ணு வாங்கிச்சு. அதை எடுத்துட்டு வர ரெண்டு பேரும் இங்கிலாந்து போனாங்க. 1951ல லண்டன்லேர்ந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்துல கொண்டுவந்து சேர்த்தாங்க. (சென்னையில 'புளூ கிராஸ்'னு தெருநாய்களுக்காக ஒரு அமைப்பு இருக்குல்ல? அதை ஆரம்பிச்சதும் இந்தத் தம்பதிதான்.)

இங்க எங்க ஊர்க் கதை ஒண்ணையும் சொல்லியாகணும். 1886ல புதுக்கோட்டையில பொறந்த முத்துலட்சுமி, பையன்கள் மட்டும் படிச்ச மகாராஜா கல்லூரியில சேர மனு போட்டப்ப ஊர்ல ஏகப்பட்ட எதிர்ப்பு. ராஜா அனுமதி கொடுத்தார். 1912ல அவர் டாக்டர் முத்துலட்சுமி. தகுதி விதிகள்ல பாதி திறமைக்காக இருக்கும். மீதிப் பாதி, யார் உள்ள வரக் கூடாதுங்கறதுக்காக இருக்கும். எது எதுன்னு பிரிச்சுப் பார்க்க ஒரு தலைமுறை ஆகுது.

ஆர்கன் பெட்டியிலேர்ந்து சிமுலேட்டர்

என் மாதிரி பொட்டி தட்டிகளுக்குப் பிடிச்ச பகுதி இது. அமெரிக்காவுல எட்வின் லிங்க்னு ஒருத்தர். அப்பா இசைக்கருவி செய்யற தொழிற்சாலை வச்சிருந்தார், ஆர்கன், தானா வாசிக்கிற பியானோ எல்லாம். எட்வினுக்கு விமானம் ஓட்டக் கத்துக்க ஆசை, ஆனா கட்டணம் யானை விலை. ஆர்கன்ல காத்தடிக்கிற துருத்தியும் பம்பும் வச்சு, விமானம் மாதிரியே சாயுற, ஆடுற ஒரு மரப்பெட்டியை 1929ல செஞ்சார். முதல்ல யாரும் சீண்டல. பொழுதுபோக்குப் பூங்காவுல காசு போட்டு விளையாடற பொம்மையாதான் அது வித்துச்சு.

1934ல அமெரிக்க ராணுவத்துக்கிட்ட தபால் பறக்கவிடுற வேலையைக் கொடுத்தாங்க. மேகத்துக்குள்ள கருவிகளை மட்டும் நம்பி ஓட்டத் தெரியாம வரிசையா விழுந்து செத்தாங்க. அப்புறம்தான் லிங்க் பெட்டியை ராணுவம் வாங்கிச்சு. ரெண்டாம் உலகப் போர்ல அதுல பயிற்சி எடுத்தவங்க 5 லட்சம் பேர்னு கணக்கு. நம்ம பாஷையில சொன்னா, அதுவரைக்கும் எல்லாரும் நேரா புரொடக்ஷன் சர்வர்ல கை வச்சுக்கிட்டு இருந்தாங்க. லிங்க்தான் டெஸ்ட் சர்வர் கொடுத்தார்.

2024 அக்டோபர்ல எங்க ஊர் வானத்துல வட்டம் போட்டவங்க பதறாம இருந்ததுக்குப் பின்னாடி இந்தப் பெட்டியோட பேரன் இருக்கான். ஏர்லைன்ஸ் விமானிங்க சுமார் ஆறு மாசத்துக்கு ஒருதரம் சிமுலேட்டர்ல போய் உக்காரணும். எஞ்சின் நிக்கும், தீப்பிடிக்கும், ஹைட்ராலிக் போகும். எல்லாத்தையும் சமாளிச்சுக் காட்டணும், இல்லைன்னா சீட்டுல உக்கார முடியாது.

விபத்துகள் எழுதின விதிகள்

விமானத் துறை விதிப் புத்தகத்தை ரத்தத்துல எழுதினதுன்னு சொல்வாங்க. ரெண்டு உதாரணம் போதும்.

1977 மார்ச் 27, டெனரீஃப் தீவு. ஓடுபாதையிலயே ரெண்டு ஜம்போ ஜெட் மோதி 583 பேர் போயிட்டாங்க. கேப்டன் அவசரப்பட்டார், கூட இருந்தவங்களால அவரைத் தடுக்க முடியல. அதுக்கப்புறம்தான் கேப்டனையே எதிர்த்துப் பேசறது எப்படின்னு துணை விமானிக்கும், அதைக் காது கொடுத்துக் கேக்கறது எப்படின்னு கேப்டனுக்கும் பாடம் நடத்த ஆரம்பிச்சாங்க. பெரியவங்க பேசும்போது குறுக்கே பேசாதேன்னு வளர்ந்த நம்ம ஊர்ப் பசங்களுக்கு இதுதான் கஷ்டமான பேப்பர்னு நினைக்கிறேன்.

1996 நவம்பர் 12, டெல்லிக்குப் பக்கத்துல சர்க்கி தாத்ரி. சவுதி விமானமும் கஜகஸ்தான் விமானமும் நடுவானத்துல மோதி 349 பேர். கஜகஸ்தான் விமானம் கொடுத்த உயரத்துல நிக்காம கீழ இறங்கிடுச்சு. அவங்களுக்கு ஆங்கிலம் சரியா புரியலைங்கறதும் பேசப்பட்டுச்சு. இந்த மாதிரி விபத்துகளோட விளைவா, 2008லேர்ந்து சர்வதேச அளவுல விமானிகளுக்குத் தனியா ஆங்கிலத் திறன் அளவுகோல் வந்துச்சு. ஆறு படியில குறைஞ்சது நாலாவது படி. ஷேக்ஸ்பியர் எல்லாம் வேணாம். சொன்னது புரியணும், சொல்றது புரியற மாதிரி சொல்லணும். தமிழ் மீடியம் பசங்க பயப்பட வேண்டியதே இல்லை.

இங்க திருச்சியையும் சொல்லணும். 2018 அக்டோபர் 12 அதிகாலை, துபாய் கிளம்பின விமானம் ஒண்ணு ஓடுபாதை தாண்டி சுற்றுச்சுவரை இடிச்சிட்டுப் பறந்துடுச்சு. 136 பேர். அடிப்பாகம் கிழிஞ்சது உள்ள யாருக்கும் தெரியல. சுமார் நாலு மணி நேரம் கழிச்சு மும்பையில பத்திரமா இறங்கிச்சு. கிளம்பற நேரத்துல கேப்டன் சீட்டோட சாய்மானம் திடீர்னு பின்னாடி சாய்ஞ்சு, எஞ்சின் விசை குறைஞ்சிடுச்சு, குறைஞ்சதை ரெண்டு பேருமே கவனிக்கலைன்னு விசாரணையில தெரிய வந்துச்சு. அதே ஏர்போர்ட், அதே ரக விமானம், அதே அக்டோபர் மாசம். 2018ல நடந்தது பாடமாச்சு, 2024ல நடந்தது பயிற்சிக்குக் கிடைச்ச மார்க்.

வேலை இருக்கா, இல்லையா?

சித்தப்பா நிலத்தை விக்கறதுக்கு முன்னாடி கேக்க வேண்டிய கேள்வி இது. வரலாறு இங்கதான் உபயோகப்படுது.

1953ல விமானக் கம்பெனிகளை எல்லாம் அரசுடைமை ஆக்கினாங்க. அதுக்கப்புறம் நாப்பது வருஷம் விமானிக்கு வேலை கொடுக்க பெரிய இடம்னா ஏர் இந்தியா, இந்தியன் ஏர்லைன்ஸ் ரெண்டுதான். இல்லைன்னா விமானப் படை. விமானப் படையில பயிற்சி ஆசிரியர்களுக்கே பயிற்சி கொடுக்கற பள்ளி 1954லேர்ந்து நம்ம தாம்பரத்துலதான் இருக்கு. வாத்தியாருக்கு வாத்தியார் ஊர்! சிவில் பக்கம் உத்தரப் பிரதேசத்துல ஃபர்சத்கஞ்ச்ல இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாடமி 1980களோட நடுவுல வந்துச்சு.

1994ல தனியாருக்குக் கதவு திறந்துச்சு. 2003ல ஏர் டெக்கான், 2005ல கிங்ஃபிஷர், ஸ்பைஸ்ஜெட், 2006ல இண்டிகோ. விமானி பத்தாம வெளிநாட்டுக்காரங்களைக் கூட்டிட்டு வந்தாங்க. ஊர் ஊருக்கு கோர்ஸ் விளம்பரம். கடன் வாங்கி அமெரிக்கா, பிலிப்பைன்ஸ் போய் லைசென்ஸ் எடுத்துட்டு வந்த பசங்க 2008, 2009ல திரும்பி வந்து பார்த்தா உலகப் பொருளாதாரமே படுத்துக் கெடந்துச்சு. கிங்ஃபிஷர் 2012ல மூடிடுச்சு, ஜெட் ஏர்வேஸ் 2019ல. நடுவுல 2011ல போலி மார்க் ஷீட் கொடுத்து லைசென்ஸ் வாங்கினவங்க சிலரைப் பிடிச்சாங்க. கையில லைசென்ஸ் இருந்தும் வேற வேலைக்குப் போனவங்க ஏராளம்.

அப்புறம் சக்கரம் மறுபடி சுத்திச்சு. 2025 டிசம்பர்ல புது ஓய்வு நேர விதிகளுக்கு ஏத்த மாதிரி விமானிகள் இல்லாம இண்டிகோ ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து பண்ணினதை எல்லாரும் பார்த்தோம். ஆக, இந்தத் தொழில்ல மேடும் பள்ளமும் மாறி மாறி வரும். படிப்பு முடிக்கும்போது எது வரும்னு யாராலயும் சொல்ல முடியாது.

சரி, என்னதான் வேணும்?

தம்பிக்கு நான் எழுதிக் கொடுத்ததை அப்படியே போடறேன்.

வயசு: மாணவர் லைசென்ஸுக்கு 16, கமர்ஷியல் லைசென்ஸுக்கு 18.

படிப்பு: பிளஸ் டூ, இயற்பியலும் கணிதமும் இருக்கணும். 1990கள் நடு வரைக்கும் பத்தாவது பாஸ் பண்ணியிருந்தாலே போதும். 2025ல கலை, வணிகப் பிரிவு மாணவர்களையும் விடலாம்னு டி.ஜி.சி.ஏ. யோசிக்கறதா செய்தி வந்துச்சு. செய்தியை நம்பி உக்காராம, காமர்ஸ் பசங்க தேசியத் திறந்தநிலைப் பள்ளியில இந்த ரெண்டு பாடத்தை மட்டும் தனியா எழுதிக்கலாம். நிறைய பேர் பண்றது இதுதான்.

உடம்பு: முதல்ல இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்று, அப்புறம் முதல் வகுப்பு. கண்ணாடி போட்டிருந்தா கதை முடிஞ்சுதுன்னு அர்த்தமில்ல, கண்ணாடியோட பார்வை வரம்புக்குள்ள வந்தா போதும். நிறம் பிரிச்சுப் பார்க்கறதுலதான் கண்டிப்பு அதிகம்.

எழுத்துத் தேர்வு: வழி கண்டுபிடிப்பு, வானிலை, விதிகள், தொழில்நுட்பம். 70 மார்க் எடுக்கணும். கூடவே ரேடியோ பேசறதுக்கு ஆர்.டி.ஆர். அதை முன்னாடி தொலைத்தொடர்புத் துறை நடத்துச்சு. 1934 சட்டத்துக்குப் பதிலா வந்த பாரதிய வாயுயான் சட்டம் 2025 ஜனவரி 1ல அமலானதுக்கு அப்புறம் அந்தப் பொறுப்பும் டி.ஜி.சி.ஏ.கிட்ட.

பறக்கறது: 200 மணி நேரம். அதுல 100 மணி நேரம் நீங்களே பொறுப்பு விமானி. ஊர் விட்டு ஊர் 20 மணி நேரம், அதுல ஒரு பயணம் 300 கடல் மைல் (சுமார் 555 கி.மீ.), நடுவுல ரெண்டு வேற ஊர்ல இறங்கணும். கருவிகளை மட்டும் பார்த்து 10 மணி நேரம், ராத்திரியில 5 மணி நேரம்.

அப்புறமும் முடியாது. எந்த ரக விமானம் ஓட்டப் போறோமோ அதுக்குத் தனிப் பயிற்சி. கேப்டன் ஆகறதுக்கான லைசென்ஸுக்கு 1,500 மணி நேரமும் 21 வயசும்.

பணம்: எல்லாம் சேர்த்து 50 லட்சத்துக்கு மேல ஆகும்னு வச்சுக்குங்க. படிப்புக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினா பேங்க்ல பொதுவா அடமானம் கேப்பாங்க. (ஏழரைன்னு சும்மாவா சொன்னாங்க!)

இப்ப யோசிச்சுப் பாருங்க. ஆம்பளையா இருக்கணும்ங்கற விதி போயிடுச்சு. உலகத்துலயே பெண் விமானிகள் விகிதம் அதிகமா இருக்கற நாடுகள்ல இந்தியாவும் ஒண்ணு. வெள்ளைக்காரனா இருக்கணும்ங்கற விதி போயிடுச்சு. ஆனா பணம்ங்கற விதி மட்டும் 1929லேர்ந்து இன்னிக்கு வரைக்கும் எந்தப் புத்தகத்துலயும் எழுதாமலேயே நிக்குது. இந்திர லால் ராய்க்கு ஒரு மோட்டார் சைக்கிள் போதுமா இருந்துச்சு. இப்ப ரெண்டு ஏக்கர் கேக்குது. தபால் விமானம் பறந்த, போர்க்காலத்துல செட்டிநாடு, காயத்தாறுன்னு ஓடுபாதையா போட்டுத் தள்ளின மாநிலத்துல, அரசுக் கல்லூரிக் கட்டணத்துல ஒரு விமானி படிப்பு இருந்தா என்னன்னு கேக்கத் தோணுது. டாக்டர் ஆக அப்படி ஒரு வழி இருக்கே.

சித்தப்பாகிட்ட ஒண்ணுதான் சொன்னேன். "நிலத்தை இப்ப விக்காதீங்க. முதல்ல கொஞ்சம் ஆயிரங்கள்ல முடியற மருத்துவப் பரிசோதனை ரெண்டையும் பண்ணிடுங்க. அதுல தேறினா இயற்பியல், கணிதம் எழுதட்டும். அப்புறம் டி.ஜி.சி.ஏ. எழுத்துத் தேர்வு. இதுக்கெல்லாம் லட்சக்கணக்குல செலவில்ல. இத்தனையும் தாண்டி நின்னான்னா அப்ப பணத்தைப் பத்திப் பேசலாம்."

"ஏப்பா, இதை அந்த கோர்ஸ் ஆபீஸ்ல யாருமே சொல்லலையே, முதல்ல அட்வான்ஸ் கட்டுன்னுதானே சொன்னாங்க" என்றார். அட்வான்ஸ் கட்டல. தம்பி இரண்டாம் வகுப்பு மருத்துவம் தேறிட்டான், இப்ப இயற்பியல் புத்தகத்தோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கான்.

உங்கள்ல யாராவது இந்த வழியில போனவங்க, இல்ல வீட்ல பசங்களை அனுப்பினவங்க இருந்தா அனுபவத்தைப் பின்னூட்டத்துல எழுதுங்க. குறிப்பா, லைசென்ஸ் கையில வந்ததுக்கும் முதல் வேலை கிடைச்சதுக்கும் நடுவுல எத்தனை வருஷம் ஆச்சுன்னு. விளம்பரத்துல எவனும் சொல்லாத கணக்கு அதுதான்.